பேயும் பகடியும்: வீணான ஒரு கரு

தமிழில் 'ஏ' சான்றிதழ் பெற்ற முதல் படமாகச் சொல்லப்படுவது 1951இல் வெளிவந்த 'மர்மயோகி'. காரணம் காமமன்று, பேய். அதுவும் மெய்யான பேயன்று. உயிர்பிழைத்த அரசன் பூண்ட வேடம். அந்த முத்திரை அன்று எங்கள் புதுச்சேரியில் செல்லாது என்பதையும் சொல்லிவைப்போம். 1954 நவம்பர் 1 வரை இங்கே பிரெஞ்சு ஆட்சி.

அறுபத்தேழு ஆண்டுகள் கழித்து, 2018இல், சந்தோஷ் பி. ஜெயக்குமார் இயக்கிய 'இருட்டு அறையில் முரட்டு குத்து' பேயையும் காமத்தையும் ஒருசேர வைத்து அதே சான்றிதழைப் பெற்றது. கருவைக் கேட்டபோது நாம் சற்று நிமிர்ந்தே உட்கார்ந்தோம். 'காஞ்சனா' (2011), 'அரண்மனை' (2014) வகைப் படங்களில் பேயென்றால் வஞ்சிக்கப்பட்டு மாண்ட உயிர். பழிதீர்த்தால் கதை முடிந்தது. இந்தப் பேய்க்கோ பழியெல்லாம் பொருட்டில்லை. நிறைவேறாத ஆசை ஒன்றே உண்டு. பெண் துரத்துகிறாள், ஆண்கள் அஞ்சி ஓடுகிறார்கள். கற்பு, ஆண்மை, பேய்ப்பட இலக்கணம் மூன்றையும் ஒரே வீச்சில் கவிழ்த்திருக்கலாம்.

கிடைத்ததோ வெறும் துணுக்குத் தோரணம். குறுஞ்செய்திகளில் சுற்றிச் சுற்றி அலுத்துப்போன இரட்டை அர்த்தங்களை வரிசையாகக் கோத்திருக்கிறார்கள். ஒரு துணுக்குக்கும் அடுத்ததற்கும் இடையே பேய் வந்துபோகிறது. துரத்துகிறவளையும் கேமரா வேடிக்கைப் பொருளாகவே பார்க்கிறது. கவிழவேண்டியது எதுவும் கவிழவில்லை.

ஆபாசம் என்று மூக்கைப் பொத்திக்கொள்வது நம் நோக்கமன்று. 1922இல் புதுச்சேரியில் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகள் கருவடிக்குப்பத்தில் உறங்குகிறார். அவருடைய நாடகங்களை விடிய விடிய ஆடும் இசை நாடக மேடையில், பபூனும் டான்ஸ்காரியும் தெருவில் முட்டிக்கொண்டு வழக்காடும் காட்சி பிரசித்தம். கொச்சைதான், சந்தேகமில்லை. ஆனால் தெருவில் ஆணும் பெண்ணும் எப்படி நடக்கவேண்டும் என்ற ஊர்க்கட்டுப்பாட்டையே அந்தச் சண்டை சந்திக்கு இழுத்துவிடுகிறது. அவளுக்கும் வாய் உண்டு. பபூனுக்குச் சரியாகப் பதிலடி கொடுப்பாள். படத்துப் பேய்க்குத் தன் ஆசையைப் பற்றி உருப்படியாக ஒரு வார்த்தை வாய்க்கவில்லை.

2020இல் அடுத்த பாகமான 'இரண்டாம் குத்து' படத்தின் விளம்பரத்தைப் பாரதிராஜா கண்டித்தார். இயக்குநரோ அவருடைய 'டிக் டிக் டிக்' (1981) படத்தை நினைவூட்டிப் பதில் தந்தார். பின்னர் வருத்தமும் தெரிவித்தார். எந்தச் சுவரொட்டியில் துணி குறைவு என்பதே விவாதமாயிற்று. பகடி எங்கே போயிற்று என்று எவரும் கேட்டதாக நாம் காணவில்லை. அவ்வாண்டுத் தீபாவளிக்கு அப்படமும் வந்துபோயிற்று.