முட்டம் கரையில் அவுட்போர்டு எஞ்சின்

1952இல் தொடங்கிய இந்திய-நார்வே திட்டம் கேரளத்து நீண்டகரையில் மீன்பிடிப் படகுகளுக்கு எஞ்சினைக் கொண்டுவந்தது. குமரிக் கரையில் 1980களில்தான், முட்டத்தில் கட்டிய ஒட்டுப்பலகைப் படகுகளோடு, படகின் பின்புறம் மாட்டும் அவுட்போர்டு எஞ்சின் பரவியது.

பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஸ்பார்க் பிளக்கில் கரி பிடிப்பதும் மண்ணெண்ணெயால்தான்.

எஞ்சின் கிளம்பாமல் கயிற்றை இழுத்து இழுத்துக் கை ஓய்ந்தால் முதலில் பிளக்கைக் கழற்றுவார்கள். கரியை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, வயரில் மாட்டி, எஞ்சின் உடம்பைத் தொடும்படி வைத்து மறுபடி இழுப்பார்கள். நீலப்பொறி பளிச்சென்று தெறித்தால் பெரும்பாலும் கோளாறு எண்ணெய் வழியில். பொறி வரவில்லையென்றால் உப்பு அரித்த வயர், நிறுத்தும் சுவிட்ச், காயில் என ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கயிறு இழுத்துக் கிளப்பும் எஞ்சினுக்குப் பாட்டரி தேவையில்லை. சுழலும் சக்கரத்தின் காந்தமே மின்சாரம் தரும்.

நடுக்கடலில் உயிர்காக்கும் இந்தக் கைத்தொழிலறிவுக்கு மீன்பிடி வரலாற்றில் உரிய இடம் தரவேண்டும்.