சாடி ஒன்றுக்கு நால்வர்!

அலங்காரப் பொருளை அடுக்கி வைத்தால் அந்தஸ்து உயரும் என்பது சீமான்களின் பழைய சித்தாந்தம். அந்தச் சித்தாந்தம் மணிமுடியும் தரித்துக்கொண்டால்? செர்மானிய நாடுகளுள் ஒன்றான சாக்சனியை ஆண்ட அகஸ்டசின் கதையைக் கேளுங்கள், தோழர்களே!

'வல்லவன்' என்பது அவனுக்கு வழங்கிய பட்டம். சுவீடன் மன்னனிடம் போர்க்களத்தில் தோற்றவன்தான்; எனினும் பட்டம் நிலைத்துவிட்டது! அவன் உள்ளத்தை ஆட்கொண்டது சீனப் பீங்கான். சீனத்து ஜிங்டெஜன் நகரத் தொழிலாளர் வனைந்து, சூளையிலே சுட்ட சாடிகள் கடல் கடந்து வரும். அத்தகைய பீங்கானைச் செய்யும் வகை ஐரோப்பாவில் அன்று எவருக்கும் தெரியாது. ஆகவேதான் அத்தனை மதிப்பு! மரக் கிண்ணத்திலும் மண் சட்டியிலும் உண்டு வாழ்ந்த மக்களின் வரிப்பணம், அரண்மனைச் சுவர்களிலே தட்டுகளாகவும் சாடிகளாகவும் ஏறி அமர்ந்தது. உண்பதற்கா? அல்ல, வந்த விருந்தினர் வாய் பிளப்பதற்கு!

பிரஷ்ய மன்னன் முதலாம் பிரடெரிக் வில்லியத்துக்கோ பட்டாளப் பைத்தியம். 1717-ஆம் ஆண்டு இரு பித்தும் சந்தித்தன, பேரம் படிந்தது. பிரஷ்யா தந்தது 151 சீனப் பீங்கான்கள். சாக்சனி தந்தது 600 குதிரைப்படை வீரர்கள். கணக்கிட்டுப் பாருங்கள், சாடி ஒன்றுக்கு ஏறத்தாழ நான்கு மனிதர்! மனைவி உண்டா, மக்கள் உண்டா, போக விருப்பம் உண்டா என்று கேட்டவர் யார்? அவர்களைக் கொண்டு பிரஷ்யா அமைத்த படைக்குப் 'பீங்கான் பட்டாளம்' என்று பெயர் சூட்டிச் சிரித்தது ஊர்.

இத்தனைக்கும் அதற்கு முன்பே அகஸ்டசின் நாட்டில் பீங்கான் பிறந்துவிட்டது. அதுவும் ஒரு சிறைக் கதையே. மருந்துக் கடையில் தொழில் பயின்ற பெட்கர் என்னும் இளைஞன், இரசவாதத்தால் பொன் செய்வேன் என்றான். நம்பினான் மன்னன், பிடித்து அடைத்தான். ஆண்டுகள் கழிந்தன, குன்றிமணிப் பொன்னும் வரவில்லை. பின்னர், சிர்ன்ஹவுஸ் என்ற அறிவியலறிஞருடன் களிமண்ணைக் கலந்தும் சுட்டும் சோதித்து, 1708-ல் பீங்கானின் சூத்திரத்தைக் கண்டான். மந்திரம் தராததை அடுப்பும் ஆராய்ச்சியும் தந்தன! 1710-ல் மைசன் நகரக் கோட்டையிலே தொழிற்சாலை எழுந்தது. கண்டுபிடித்தவனுக்கோ 1714 வரை காவல். 1719-ல், 37-ஆம் வயதில் மாண்டான்.

அகஸ்டஸ் 1733-ல் மறைந்தபோது அவன் சேர்த்து வைத்திருந்த பீங்கான்கள் 20,000-க்கும் மேல். வீரர்களை விற்று வாங்கியவற்றுள் சில டிரெஸ்டன் நகர அருங்காட்சியகத்தில் இன்றும் விரிசலின்றி நிற்கின்றன. அங்கே அவற்றின் பெயர், 'குதிரைவீரர் சாடிகள்'.