மழையின் முதல் துளி

உருதுக் கவிதை என்றதும் மீர், காலிப், இக்பால் ஆகியோரின் பெயர்களே நம் நினைவில் எழும். ஆனால், வட இந்தியாவில் உருது கற்ற பல தலைமுறைப் பிள்ளைகள் முதன்முதலில் கண்ட கவிஞர் இம்மூவருள் எவருமல்லர். வீட்டுப் பசுவையும் ஓடும் நீரில் சுழலும் மாவரைக்கும் ஆலையையும் பாடி, அவர்களுக்கு எழுத்தோடு கவிதையையும் ஊட்டியவர் மௌலவி முஹம்மது இஸ்மாயில் மீரட்டி ஆவார். இலக்கிய வரலாறுகள் இவருக்குச் சில வரிகளே ஒதுக்குகின்றன. அது முறையா என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

இஸ்மாயில் 1844ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் மீரட் நகரில் பிறந்தார். அவர் பன்னிரண்டு வயதுச் சிறுவராயிருந்தபோது, 1857 மே 10ஆம் நாள், அதே மீரட்டில்தான் பெரும்புரட்சி வெடித்தது. அவ்வாண்டு செப்டம்பரில் டில்லி வீழ்ந்தது. முகலாய அரசவையும் மறைந்தது. அவ்வரசவையின் நிழலில் வாழ்ந்த புலவர்கள் புகலிழந்தனர். பழைய உலகம் சரிந்த அந்த இடிபாடுகளிடையே வளர்ந்த அவர், இளமையிலேயே கல்வித் துறை அலுவலகம் ஒன்றில் எழுத்தராக அமர்ந்தார். பின்னர்ப் பாரசீக ஆசிரியராகிச் சஹாரன்பூரிலும் மீரட்டிலும் பணியாற்றினார். ஆக்ராவின் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் பாரசீகம் கற்பித்து, 1899இல் ஓய்வு பெற்றார்.

அந்நாளில் பிள்ளைகளின் கையில் இருந்த நூல்கள் யாவை? ஸஅதியின் குலிஸ்தானும் போஸ்தானும் உயர்ந்த நூல்களே, ஐயமில்லை. ஆயினும் அவை பாரசீக மொழியில் அமைந்தவை. உருதுக் கவிதையோ காதலையும் பிரிவையும் மதுவையும் பாடும் கஸலாகவே பெரிதும் விளங்கியது. தாயின் மடியில் கேட்ட மொழியில், தன் கண்முன் காணும் உலகைப் பற்றிப் படிக்கப் பிள்ளைக்கு நூல் அரிதாயிருந்தது.

இக்குறையைத் தீர்க்கப் பஞ்சாபில் முஹம்மது ஹுஸைன் ஆஸாத் பாட நூல்கள் எழுதினார். வட இந்தியப் பள்ளிகளுக்கு அப்பணியைச் செய்தவர் இஸ்மாயில். எழுத்தறிமுகத்தில் தொடங்கிப் படிப்படியாக உயரும் அவருடைய உருதுப் பாட நூல்கள் பல்லாண்டுகள் பள்ளிகளில் வழங்கின. பாரசீகத்தில் தேர்ந்த அறிஞர் தம் புலமையைக் காட்ட முற்படாமல், பிள்ளையின் நாவில் எளிதாகப் புரளும் சொல்லைத் தேடி அலைந்தார். அரிய சொல்லை எழுதப் புலமை போதும். எளிய சொல்லைத் தேர்ந்தெடுக்கப் புலமையோடு அன்பும் வேண்டும் அன்றோ!

பசுவைப் பாடும்போது அதைப் படைத்த இறைவனுக்கு நன்றி கூறித் தொடங்குகிறார். புல்லை உண்டு பாலைத் தரும் அதன் இயல்பைப் பிள்ளை வியக்குமாறு காட்டுகிறார். மழையின் முதல் துளி பற்றிய பாடலோ நம் உள்ளத்தை விட்டு நீங்காதது. வானில் மேகம் திரண்டு நிற்கிறது. ஒவ்வொரு துளியும் 'நான் மிகச் சிறியவன். காய்ந்த இந்த மண்ணுக்கு என்னால் ஆவதென்ன?' என்று தயங்குகிறது. இறுதியில் ஒரு துளி துணிந்து இறங்குகிறது. அதைக் கண்ட மற்றவையும் பின்தொடரப் பெருமழை பொழிகிறது. ஒற்றுமையையும் துணிவையும் இதைவிட இனிதாகப் பிள்ளைக்கு எவ்வாறு சொல்வது?

அவரைப் பிள்ளைக் கவிஞர் என்று மட்டும் கூறி ஒதுக்குவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். 1874இல் லாகூரில் ஆஸாதும் ஹாலியும் புதுவகைக் கவிதைக்கு அரங்கமைத்தனர். அதற்கு முன்பே இஸ்மாயில் ஆங்கிலப் பாடல்கள் சிலவற்றை உருதுவில் ஆக்கியிருந்தார். எதுகை இயைபின்றிக் கவிதை எழுதுவதை உருதுப் புலவர் எண்ணிப்பாராத அந்நாளில், விண்மீன் நிறைந்த இரவையும் குருவிக் குஞ்சுகளையும் அவ்வாறே பாடினார். உருதுக் கவிதை பின்னாளில் கண்ட புதுமைகள் சிலவற்றின் வித்து, பிள்ளைகளுக்காக அவர் எழுதிய ஏடுகளில் உறங்கிக் கிடந்தது.

ஓய்வு பெற்ற பின்னும் அவர் வாளா இருந்தாரில்லை. மீரட்டில் பெண்மக்களுக்கென 1909இல் ஒரு பள்ளியைத் தோற்றுவித்தார். பெண் கல்வியைப் பலரும் ஐயத்தோடு நோக்கிய காலம் அது. 1917 நவம்பர் 1ஆம் நாள் தம் சொந்த ஊரிலேயே மறைந்தார்.

பெரியோருக்கு எழுதுவோரைப் புலவர் என்று போற்றுகிறோம்; சிறியோருக்கு எழுதுவோரை வாத்தியார் என்று சொல்லி அமைகிறோம். ஆயினும் ஒரு சமுதாயத்தின் மொழியுணர்வும் சுவையுணர்வும் அந்த வாத்தியாரின் கையில்தான் முதலில் உருவாகின்றன. நம் வீட்டு அலமாரியில் பெரியோர் படிக்கும் நூல்கள் இருக்கலாம். அவற்றின் அருகே நம் பிள்ளைகளுக்கென்று எத்தனை நூல்கள் வாங்கி வைத்திருக்கிறோம்? அவற்றுள் ஒன்றையேனும் நாமே அவர்களோடு அமர்ந்து படித்ததுண்டா? மேகம் திரண்டிருந்தால் மட்டும் மண் நனைவதில்லை. ஒரு துளி முதலில் இறங்கியாக வேண்டும்.