முகத்துக்கும் சித்திரத்துக்கும் ஒரே வண்ணம்

லிப்ஸ்டிக் முகத்துக்கு, பெயின்ட் சித்திரத்துக்கு என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். வரலாற்றில் நெடுங்காலம் இந்தப் பிரிவினை இருந்ததில்லை.

பண்டைய எகிப்தியர் மாலகைட் என்னும் பச்சைக் கல்லை அரைத்துக் கண்ணுக்குத் தீட்டிக்கொண்டார்கள். அதே கல்லின் பொடியைச் சுவரோவியங்களிலும் பூசினார்கள். கெய்ரோ அருங்காட்சியகத்தில் உள்ள, சுமார் 5,000 ஆண்டுகள் பழமையான நார்மர் மன்னரின் கற்பலகை, கண் மை அரைக்கும் பலகையின் வடிவில் செய்யப்பட்டதுதான். மை அரைப்பதற்கான வட்டக் குழிகூட அதில் இருக்கிறது.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். ஈயத்தை வினிகர் ஆவியில் வைத்தால் அதன் மேல் வெள்ளைப் பொடி படியும். ஓவியர்கள் அதை எண்ணெயில் குழைத்துத் துணியில் தீட்டினார்கள். செல்வந்தர் வீட்டுப் பெண்கள் முகத்தில் பூசினார்கள். அது விஷம். தோலைக் கெடுத்தது, உடலையும் கெடுத்தது. மெக்சிகோவில் கள்ளிச் செடியில் வாழும் கொச்சினீல் பூச்சியிலிருந்து எடுத்த சிவப்பும் ஓவியத்துக்கும் கன்னத்துக்கும் ஒருசேரப் பயன்பட்டது. இன்றும் சில லிப்ஸ்டிக்குகளில் அது உண்டு. லேபிளில் 'கார்மைன்' அல்லது 'சி.ஐ. 75470' என்று இருந்தால் அந்தப் பூச்சிதான். சைவம் பார்ப்பவர்கள் கவனிக்கலாம்.

வண்ணம் ஒன்றுதான் என்றாலும் மதிப்பு ஒன்றாக இல்லை. துணியில் தீட்டியது அரண்மனைச் சுவரில் தொங்கியது. முகத்தில் தீட்டியது இரவோடு கழுவப்பட்டது. பாரிஸின் புகழ்பெற்ற அரசு ஓவியக் கல்லூரி பெண்களை மாணவிகளாகச் சேர்த்துக்கொண்டதே 1897-இல்தான்.

இந்த ஏற்றத்தாழ்வைத்தான் 1990-களில் சில பெண் கலைஞர்கள் கேள்வி கேட்டார்கள். 1960-இல் பாரிஸில் ஈவ் க்ளைன் என்ற ஓவியர், பெண்களின் உடலில் நீல வண்ணம் பூசச் செய்து, அவர்களையே தூரிகையாக்கித் தாளில் பதிய வைத்தார். 1992-இல் அமெரிக்கக் கலைஞர் ரேச்சல் லாக்கோவிச் அதைத் தலைகீழாக்கினார். இந்த முறை தூரிகையானவர்கள் ஆண்கள். வண்ணமோ சிவப்பு லிப்ஸ்டிக்.

1993-இல் லண்டன் கலைக்கூடம் ஒன்றில் ஜனின் ஆன்டோனி தன் நீண்ட கூந்தலை ஹேர் டையில் தோய்த்தார். மண்டியிட்டு, வீடு துடைப்பது போலத் தரை முழுவதும் அந்தக் கூந்தலாலேயே தீட்டினார். கறுப்புச் சாயம் பரவப் பரவ, பார்வையாளர்கள் பின்வாங்கி வெளியேற வேண்டியதாயிற்று. 'லவிங் கேர்' என்பது அந்த டையின் பெயர். படைப்புக்கும் அதே பெயரை வைத்தார்.

வீடு துடைப்பதும் தலைக்குச் சாயம் பூசுவதும் தினசரி உழைப்பு. செய்தவரைத் தவிர யாரும் அதைக் கணக்கில் வைப்பதில்லை. ஆன்டோனி அந்த இரண்டையும் சேர்த்து, எல்லோரும் நின்று பார்க்க வேண்டிய இடத்தில் செய்து காட்டினார்.

நம் வீடுகளிலும் காலாவதியான ஐஷேடோ டப்பா ஒன்றிரண்டு கிடக்கும். இனி அது கண்ணுக்கு ஆகாது. ஆனால் பொடியாக்கி வேலம்பிசின் கரைசலில் குழைத்தால் தாளில் தீட்ட நல்ல வண்ணம் கிடைக்கும். வாட்டர் கலரிலும் வண்ணப் பொடியைப் பிடித்து வைப்பது அந்தப் பிசின்தான்.