சித்தம்பூண்டிப் பாறையும் நிலவு மண்ணும்

நிலவில் ஓடப்போகிற வண்டியை முதலில் பூமியில் ஓட்டிப் பார்த்தாக வேண்டும். சந்திரயான்-2 திட்டத்துக்காக லேண்டரையும் ஆறு சக்கர பிரக்யான் ரோவரையும் உருவாக்கிக்கொண்டிருந்த பெங்களூரு இஸ்ரோ செயற்கைக்கோள் மையத்துக்கு (இன்றைய யு.ஆர். ராவ் செயற்கைக்கோள் மையம்) இதிலேயே ஒரு சிக்கல் எழுந்தது. வண்டி இருக்கிறது, கொட்டகையும் போட்டுவிடலாம். தரைக்கு எங்கே போவது? லேண்டரின் கால்கள் எவ்வளவு புதையும், ரோவரின் சக்கரம் எந்தச் சரிவில் வழுக்கும் என்பதெல்லாம் மண்ணைப் பொறுத்த கேள்விகள். மண் தவறாக இருந்தால் சோதனை முழுவதும் தவறாகிவிடும்.

ஆற்று மணலைக் கொட்டி நிரப்பினால் போதாதா என்று கேட்கலாம். கட்டட வேலை தெரிந்தவர்களுக்கு இதற்கான பதில் பாதி தெரிந்திருக்கும். தண்ணீரில் உருண்டு வந்த ஆற்று மணலின் துகள்கள் மழுங்கியிருக்கும். கிரஷரில் உடைத்த எம்-சாண்டின் துகள்கள் கோணல்மாணலாக, கூர்முனைகளோடு இருக்கும். நிலவில் காற்றும் இல்லை, தண்ணீரும் இல்லை. கோடிக்கணக்கான ஆண்டுகளாக விண்கற்கள் மோதி மோதிப் பாறை பொடியாகியிருக்கிறதே தவிர, அந்தப் பொடியை உருட்டி வழவழப்பாக்க அங்கே எதுவும் இல்லை. அதனால் நிலவு மண் கூர்மையானது. மிக நுண்ணியதும்கூட: துகளின் சராசரி அளவு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

எந்தப் பாறையை உடைப்பது என்பது அடுத்த கேள்வி. நிலவில் நாம் பார்க்கும் கரும்படலங்கள் எரிமலைக் குழம்பு பரவிய பசால்ட் சமவெளிகள். வெண்மையான பகுதிகள் மேட்டுநிலங்கள். அங்கே இருப்பது அனார்த்தோசைட் என்னும் வெளிர்நிறப் பாறை. நிலவு பிறந்த புதிதில் அதன் மேற்பரப்பு முழுவதும் உருகிய குழம்பாக இருந்தபோது, எடை குறைந்த கால்சியம் மிகுந்த ஃபெல்ட்ஸ்பார் படிகங்கள் மேலே மிதந்து வந்து மேலோடாக உறைந்தன என்பது அப்போலோ-11 கொண்டுவந்த மண்ணை ஆராய்ந்தவர்கள் முன்வைத்த கருத்து. அமெரிக்காவில் வெகுகாலம் பயன்பட்ட ஜேஎஸ்சி-1 என்னும் செயற்கை நிலவு மண் அரிசோனா எரிமலைச் சாம்பலில் செய்தது; கரும்படலப் பகுதிக்குப் பொருந்துவது. இந்தியா இறங்க நினைத்ததோ நிலவின் தென்துருவத்தை ஒட்டிய மேட்டுநிலத்தில். மையத்தின் இயக்குநராக இருந்த மயில்சாமி அண்ணாதுரை பின்னாளில் சொன்ன கணக்குப்படி, வெளிநாட்டிலிருந்து வாங்கினால் கிலோவுக்கு 150 டாலர். தேவைப்பட்டதோ 50 டன்னுக்கும் மேல். வெறும் 50 டன் என்று வைத்துக்கொண்டாலும் மண்ணுக்கு மட்டும் 75 லட்சம் டாலர்.

விடை நாமக்கல் மாவட்டத்தில் கிடந்தது. பரமத்தி வேலூர்ப் பக்கத்தில் உள்ள சித்தம்பூண்டி, குன்னமலை ஊர்களின் அனார்த்தோசைட்டை நிலவியலாளர்கள் வெகுகாலமாக அறிவார்கள். ஏ.பி. சுப்பிரமணியம் 1956-இல் இப்பாறைத் தொகுதியைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரை உலக அளவில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஏறத்தாழ 250 கோடி ஆண்டு வயதுள்ள பாறை. வயற்காட்டு ஓரத்தில் வெயில்பட்டுக் கிடக்கும்போது பழுப்பேறிச் சாதாரணக் கல்லாகத்தான் தெரியும். சுத்தியலால் ஒரு மூலையைத் தட்டினால் உள்ளே கற்கண்டை உடைத்தாற்போல் வெண்படிகங்கள் மின்னும். நடுநடுவே ஹார்ன்பிளெண்டின் கரும்புள்ளிகள். அந்த வெண்மைதான் முக்கியம். பூமியின் பல இடங்களில் அனார்த்தோசைட் உண்டென்றாலும், அவற்றின் ஃபெல்ட்ஸ்பாரில் சோடியம் கூடுதலாக இருப்பது வழக்கம். சித்தம்பூண்டிப் பாறையில் கால்சியம் ஓங்கியிருக்கிறது, நிலவின் மேட்டுநிலத்தில் இருப்பதைப்போல.

இங்கேதான் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறை வருகிறது. 1997-இல் தொடங்கிய, பெருநகர வெளிச்சம் படாத ஒரு மாநிலப் பல்கலைக்கழகம். பேராசிரியர் அன்பழகனும் அவரோடு பணியாற்றிய ஆய்வாளர்களும் சந்திரயான்-1 பறந்த காலத்தை ஒட்டியே, பசால்ட், அனார்த்தோசைட் பாறைகள் ஒளியை எப்படிப் பிரதிபலிக்கின்றன, நிலவிலிருந்து வரும் ஒளியோடு அவை எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று அளந்து ஆய்விதழ்களில் எழுதிவந்தார்கள். நிலவு மண் வேண்டும் என்று யாரும் பொருள்வாங்கும் ஆணை அனுப்பாத நாட்கள் அவை. இஸ்ரோ தேடத் தொடங்கியபோது விடை ஏற்கெனவே ஒரு துறையின் அலமாரியில் இருந்தது. பல்கலைக்கழகமும் விண்வெளித் துறையும் கைகோப்பது பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் ஒப்பந்தம் கையெழுத்தான நாளிலிருந்தே கதையைத் தொடங்குகிறோம். சேலத்தின் கதை அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, தன் வாசலில் கிடக்கும் பாறையை ஒரு துறை ஊன்றிப் படித்த நாளில் தொடங்கிவிட்டது. என்னைக் கேட்டால், இந்தக் கூட்டுமுயற்சியின் ஆணிவேர் இதுதான்.

ஆய்வகத்தில் ஒரு கைப்பிடி மாதிரி தயாரிப்பது வேறு, டன் கணக்கில் தயாரிப்பது வேறு. பாறையைப் பெயர்க்க வேண்டும், உடைக்க வேண்டும், அரைக்க வேண்டும், பல அளவுகளில் சலிக்க வேண்டும், பிறகு நிலவு மண்ணில் எந்த அளவுத் துகள் எத்தனை பங்கு இருக்கிறதோ அதே விகிதத்தில் கலக்க வேண்டும். இதற்கான இயந்திரம் பல்கலைக்கழகங்களில் பொதுவாகக் கிடையாது. சேலம் வட்டாரத்தில் அது தெருவுக்குத் தெரு தெரிந்த தொழில். சுண்ணாம்புக்கரட்டில் மாக்னசைட் தோண்டிய ஊர் சேலம். போர்வெல் வண்டிகளை நாடெங்கும் அனுப்பும் ஊர் திருச்செங்கோடு. சங்ககிரியும் நாமக்கல்லும் லாரிகளின் ஊர்கள். கல்லை அறிந்த கைகளும், கல்லை அரைக்கும் ஆலைகளும், கல்லை ஏற்றிச் செல்லும் வண்டிகளும் அந்தப் பாறைக்குப் பக்கத்திலேயே இருந்தன. சேலத்து கிரஷர்களில்தான் நிலவு மண் அரைபட்டது. அங்கிருந்து பெங்களூருக்குப் போனது. ஜல்லிக்கும் எம்-சாண்டுக்கும் ஓடும் ஆலை, மைக்ரான் கணக்கில் துகள் கேட்கும் வாடிக்கையாளரை அதற்குமுன் கண்டிருக்காது. ஆனாலும் வேலை முடிந்தது. அரைத்தவர்களும் ஏற்றிச் சென்றவர்களும் கூலி வாங்கவில்லை என்றும், அதனால் மதிப்பிட்டதைவிடச் செலவு வெகுவாகக் குறைந்தது என்றும் அண்ணாதுரை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

இன்னொரு கல்வி நிறுவனமும் தேவைப்பட்டது. பாறையின் வேதியியல் நிலவியலாளருக்குத் தெரியும். அதே பொடி சக்கரத்தின் அடியில் எப்படி நடந்துகொள்ளும் என்பது சிவில் எஞ்சினியரின் துறை. துகள்களுக்கிடையே பிடிப்பு எவ்வளவு, உராய்வுக் கோணம் என்ன, எவ்வளவு பாரம் தாங்கும் என்பன, வீட்டுக்கு அஸ்திவாரம் போடுமுன் கேட்கும் அதே கேள்விகள்தாம். திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தின் முத்துக்குமரன் இந்தக் கூட்டணியில் சேர்ந்தார்.

இப்படி உருவான மண் பெங்களூரில் இஸ்ரோவின் நிலவுத்தரைச் சோதனைக் கூடத்தில் பரப்பப்பட்டது. நிலவில் சூரிய ஒளி எந்த அளவில் விழுமோ அதற்கேற்ப விளக்குகள் அமைத்தார்கள். நிலவின் ஈர்ப்பு நம்முடையதில் ஆறில் ஒரு பங்கு. ரோவரின் எடையை அந்த அளவுக்குக் குறைத்துக் காட்ட ஹீலியம் பலூனைக் கட்டி மேலே இழுத்தபடி ஓட்டினார்கள்.

இந்த மண் எல்லாச் சோதனைக்கும் ஏற்றதல்ல என்பதையும் சொல்லத்தான் வேண்டும். விண்கல் மோதிய வெப்பத்தில் உருகி ஒட்டிக்கொண்ட கண்ணாடித் துணுக்குகள் நிலவு மண்ணில் நிறைய உண்டு. பாறையை அரைத்தால் அவை வந்துவிடா. சூரியக் காற்று பதித்த தடங்களும் இதில் இல்லை. சக்கரத்துக்கும் லேண்டரின் காலுக்கும் வேண்டியது துகளின் வடிவும் அளவும் கலவையும். அந்தத் தேவைக்கு இது போதுமானது. என்ன தேவை என்பதை இஸ்ரோ துல்லியமாக வரையறுத்துச் சொன்னதால்தான் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தால் அதை நிறைவேற்ற முடிந்தது.

‘நிலவின் மேட்டுநில மண் மாதிரியைத் தயாரிக்கும் முறை’க்கு 2014 மே 15-இல் காப்புரிமை கோரப்பட்டது, 2020 மே 18-இல் கிடைத்தது. கண்டுபிடிப்பாளர் பட்டியலில் இஸ்ரோவின் வேணுகோபால், கண்ணன், ஷாம்ராவ், சந்திரபாபு ஆகியோரோடு பெரியார் பல்கலைக்கழகத்தின் அன்பழகன், அறிவழகன், பரமசிவம், சின்னமுத்து, திருச்சியின் முத்துக்குமரன் ஆகியோர் பெயர்களும் இருக்கின்றன. ஒரு தேசிய நிறுவனம் தன் ஆவணத்தில் ஆசிரியர்களின் பெயரைத் தன் விஞ்ஞானிகளின் பெயருக்குப் பக்கத்தில் வைத்திருப்பது மனநிறைவு தருகிறது.

தமிழகத்தில் இதற்கு முன்னும் பின்னும் வேறு வகைக் கூட்டுறவுகள் உண்டு. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் அண்ணா பல்கலைக்கழகம் உருவாக்கிய 40 கிலோ அனுசாட், 2009 ஏப்ரல் 20-இல் பி.எஸ்.எல்.வி. சி-12 மூலம் விண்ணுக்குச் சென்றது; இஸ்ரோவின் வழிகாட்டுதலில் இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று செய்த முதல் செயற்கைக்கோள் அது. சென்னை ஐ.ஐ.டி.யில் 1985 முதலே இஸ்ரோவின் விண்வெளித் தொழில்நுட்பப் பிரிவு இயங்குகிறது. அந்த வளாகத்தில் 2017-இல் முளைத்த அக்னிகுல் நிறுவனம், ஒரே துண்டாக முப்பரிமாண அச்சில் வார்த்த எஞ்சினோடு 2024 மே 30-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் ஏவியது. ‘சக்தி’ செயலியை அடிப்படையாக வைத்து ஐ.ஐ.டி.யும் இஸ்ரோவும் உருவாக்கிய ‘ஐரிஸ்’ சில்லின் பயணம் இன்னும் சுவையானது: சண்டிகரில் வார்க்கப்பட்டு, கர்நாடகத்தில் டாடா நிறுவனத்தில் உறையிடப்பட்டு, குஜராத்தில் செய்த சர்க்யூட் பலகையில் சென்னையின் சிர்மா எஸ்.ஜி.எஸ். நிறுவனத்தில் பொருத்தப்பட்டு, ஐ.ஐ.டி.யில் உயிர்பெற்றது. இவற்றுக்கெல்லாம் தனிக் கட்டுரையே எழுதலாம். பணமும் கருவியும் பெயரும் உள்ள நிறுவனங்கள் அவை. அந்த வசதிகள் எதுவும் அருகில் இல்லாமல் செய்து முடித்ததால்தான் சேலத்துக்கு இங்கே அதிக இடம் கொடுத்தேன்.

சந்திரயான்-2 லேண்டர் 2019 செப்டம்பரில் தரையிறங்கும் நேரத்தில் நழுவிப்போனது. 2023 ஆகஸ்ட் 23 மாலை சந்திரயான்-3 இறங்கியது. இந்த முறை பிரக்யான் நூறு மீட்டருக்குச் சற்று அதிகமாக ஓடி, 23 இடங்களில் மண்ணை அளந்தது. அந்த அளவீடுகளை அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தினர் 2024 ஆகஸ்டில் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள்: இறங்கிய இடத்து மண் அனார்த்தோசைட் வகையைச் சேர்ந்தது. பத்தாண்டுக்கு முன் நாமக்கல் பாறையைக் கைகாட்டியவர்களின் தேர்வு பொருத்தமானதே.

இனி நம் பக்கம் இரண்டு வேலைகள் பாக்கி இருக்கின்றன. சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறைகளில் ஒரு பகுதியையாவது நிலவியல் மரபிடமாக அறிவித்துக் காக்க வேண்டும்; அடுத்த தலைமுறை மாணவர்கள் சுத்தியலோடு அங்கே போக இடம் மிஞ்ச வேண்டும். இரண்டாவது வேலை அதைவிட அவசரமானது. காப்புரிமை ஆவணத்தில் கல் அரைத்தவர், ஏற்றியவர், வண்டி ஓட்டியவர் பெயர்களுக்கு இடமில்லை, சட்டம் அப்படி. விழா மலர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. பல்கலைக்கழகமும் கிரஷர், லாரி உரிமையாளர் சங்கங்களும் சேர்ந்து, அவர்கள் நம்மிடையே இருக்கும்போதே, அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகத் திரட்டி ஒரு விழா மலரில் அச்சிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.