கெட்டிப் பூச்சா, எண்ணெய்ப் பூச்சா? உப்புச் சாலையில் ஓடும் டிரக்குக்கு ஏற்ற துருக் காப்பு

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பழைய பிக்கப் டிரக்கின் ஆயுளைப் பெரும்பாலும் முடித்துவைப்பது சேசிஸ்தான். எஞ்சின் இன்னும் ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடும் தெம்போடு இருக்கும். ஆனால் சேசிஸ் ஓட்டை விழுந்து, விற்பனைக்குத் தேவையான பாதுகாப்புச் சான்றிதழ் கிடைக்காமல், வண்டி காயலான் கடைக்குப் போய்ச் சேரும். காரணம், பனியை உருக்கச் சாலையில் இறைக்கும் உப்பு. கனடா முழுவதும் ஆண்டுக்கு ஏறத்தாழ 50 லட்சம் டன் உப்பு இப்படிச் செலவாகிறது. உலகின் மிகப் பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கமே ஒன்டாரியோவின் கோடெரிச் ஊரில், ஹூரான் ஏரிக்கு அடியில்தான் இருக்கிறது.

இந்த உப்பிலிருந்து வண்டியின் அடிப்பாகத்தைக் காக்க அங்குள்ளவர்கள் முக்கியமாக இரண்டு வழிகளைக் கையாள்கிறார்கள். ஒன்று, தாரும் ரப்பரும் கலந்து அடித்து, காய்ந்ததும் தோல்போல் இறுகிவிடும் கெட்டிப் பூச்சு. மற்றொன்று, காயாமல் ஈரப்பசையோடு இருந்து, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய எண்ணெய்ப் பூச்சு. இரண்டில் எது டிரக்கைக் காப்பாற்றும் என்று சொல்வதற்கு, முதலில் உப்பின் வேலையைப் பார்த்துவிட வேண்டும்.

இரும்பும் நீரும் ஆக்சிஜனும் சேர்ந்தால் துரு உண்டாகும். உப்பு கரைந்த நீர் மின்சாரத்தை எளிதாகக் கடத்துவதால் இந்த வினை வேகம் பிடிக்கிறது. சாதாரண உப்பு மைனஸ் 10 பாகைக்குக் கீழே அவ்வளவாகப் பயன்படாது. அதனால் கடுங்குளிருக்குக் கால்சியம் குளோரைடு, மெக்னீசியம் குளோரைடு கரைசல்களைத் தெளிக்கிறார்கள். அடிப்பாகத்துக்கு இவை இன்னும் பொல்லாதவை. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தொட்டால்தான் சாதாரண உப்பு கசியத் தொடங்கும். மெக்னீசியம் குளோரைடுக்கு 33 விழுக்காடே போதும். அதாவது, சாலை காய்ந்த பிறகும் சேசிஸ் நனைந்தபடியே இருக்கும். சூடேற்றிய கராஜில் வண்டியை நிறுத்துவது நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். உப்பைக் கழுவாமல் நிறுத்தினால் அந்தக் கதகதப்பே அரிப்பை விரைவுபடுத்தும்.

முதல் ஒப்பீடு, பூசுவதற்கு முன் வேண்டிய தயாரிப்பு. கெட்டிப் பூச்சு பிடிக்க வேண்டுமானால் இரும்பு சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும். ஒரே ஒரு குளிர்காலம் ஓடிய வண்டியில்கூட இணைப்புகளின் இடுக்கில் உப்பு தங்கியிருக்கும். அதன்மேல் பூசினால் உப்பை உள்ளே வைத்து மூடியதாகிவிடும். எண்ணெய்க்கு இவ்வளவு கெடுபிடி இல்லை. சேற்றைக் கழுவி, நன்றாகக் காயவிட்டு அடித்தால், மேலோட்டமான துருவுக்குள்ளும் அது ஊறி இறங்கி, நீரும் ஆக்சிஜனும் இரும்பைத் தொடாமல் தடுக்கும். ஆட்டு உரோமத்திலிருந்து எடுக்கும் லானோலினை அடிப்படையாகக் கொண்ட ஃபுளூயிட் ஃபிலிம், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களின் நிலைநீர்த் தொட்டிகளுக்காக உருவானது. கடல்நீர் நிற்கும் தொட்டிக்கென்று பிறந்த பூச்சு உப்புச் சாலைக்கும் பொருந்தியதில் வியப்பில்லை.

இரண்டாவது, எட்டும் தூரம். சேசிஸின் பெட்டிபோல் மூடிய பகுதிகள் பெரும்பாலும் உள்ளிருந்துதான் அரிக்கின்றன. துளைகள் வழியே புகுந்த சேறும் உப்புநீரும் வெளியேற வழியில்லாமல் அங்கே தேங்கும். கெட்டிப் பூச்சு வெளிமுகத்தோடு நின்றுவிடும். கவனமில்லாமல் அடித்தால் நீர் வடியும் துளைகளையே அடைத்துவிடும். எண்ணெயை நீண்ட குழாய் வழியாக உள்ளே புகைபோலப் பீய்ச்சலாம். அது தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே ஊர்ந்து போகும். இந்த ஊர்தலுக்குத் தனி மதிப்பு உண்டு. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். ரிவெட் அடித்த இரண்டு தகடுகளுக்கு இடையே அது வளர்ந்தால், தகடுகளையே நெம்பிப் பிரித்துவிடும்.

தொழிற்சாலைக் காப்பு போதாதா என்று கேட்கலாம். டகோமா, டன்ட்ரா, செக்வோயா வண்டிகளின் சேசிஸில் போதிய துருத் தடுப்பு இல்லை என்று அமெரிக்காவில் தொடுத்த வழக்கில், 2016-இல் டொயோட்டா சமரசத்துக்கு வந்தது. ஏறத்தாழ 15 லட்சம் வண்டிகளுக்கான அந்த ஏற்பாட்டின் மதிப்பு 340 கோடி டாலர் வரை போகலாம் எனக் கணக்கிட்டார்கள். பேர்பெற்ற வண்டி என்பதற்காக அடியில் குனிந்து பார்க்காமல் இருந்துவிட முடியாது.

மூன்றாவது, தேய்மானம். இங்கே கெட்டிப் பூச்சுக்குத்தான் வெற்றி. சரளைக்கல் வந்து அடிக்கும் சக்கர வளைவுகளில் அது அடியைத் தாங்கும், சத்தத்தையும் குறைக்கும். சக்கரம் வாரியடிக்கும் நீர் எண்ணெயைக் கழுவிக்கொண்டு போய்விடும். அந்த இடங்களில் ஒரு குளிர்காலம் முழுவதும் அது நிற்பதே அரிது.

நான்காவது, கெட்டுப்போகும் விதம். ஒப்பீட்டை முடிவு செய்வது இதுதான் என்று நான் கருதுகிறேன். எந்தப் பூச்சும் ஒரு நாள் பழுதாகும். சில குளிர்காலம் கண்ட கெட்டிப் பூச்சின் விளிம்பை ஸ்க்ரூடிரைவர் நுனியால் கெல்லிப் பாருங்கள். பிடிப்பு விட்டிருந்தால் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு ஏடு ஒன்று கழன்று வரும். அதன் வெளிப்பக்கம் புதிதுபோல இருக்கும். திருப்பினால் துருச் செதில் பாளம் பாளமாக ஒட்டியிருக்கும். ஏடு விட்ட இடத்தைச் சிறு சுத்தியலால் தட்டினால், கணீரென்று ஒலிக்க வேண்டிய இரும்பு சொத்தென்று ஒலிக்கும். குளிரில் இறுகி விரிசல் விட்ட பூச்சுக்குள் உப்புநீர் புகுந்து வெளியேற முடியாமல் நின்றதன் விளைவு இது. சொந்தக்காரரோ அத்தனை நாளும் அடிப்பாகம் பத்திரமாக இருப்பதாகவே நம்பியிருப்பார்.

எண்ணெய்ப் பூச்சு கெட்டால் கண்ணுக்குத் தெரியும். மங்கிப்போன இடத்தைத் துணியால் துடைத்தால் இரும்பின் நிலை வெளிப்படும், மறுபடி அடித்துக்கொள்ளலாம். பிரேக் லைன்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. 1999 முதல் 2003 வரையிலான மாடல்களைச் சேர்ந்த ஏறத்தாழ 50 லட்சம் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் பிரேக் லைன் அரிப்பு குறித்த புகார்களை அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிறுவனம் ஆராய்ந்தது. 2015-இல், வண்டிகளைத் திரும்ப அழைக்க உத்தரவிடாமலேயே அந்த விசாரணையை முடித்தது. அடிப்பாகத்தைக் கழுவுங்கள், லைன்களைச் சோதியுங்கள், அரித்திருந்தால் மாற்றுங்கள் என்று சொந்தக்காரர்களை எச்சரித்தது. சோதிக்கும் பொறுப்பு நம் தலையில் இருக்கும்போது, சோதிக்க வேண்டியதை மறைக்கும் பூச்சு நமக்கு உதவாது.

எண்ணெயின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். அடித்த பிறகு ஓரிரு நாள் சொட்டும், தரை கறைபடும், மண்ணுக்கும் நீருக்கும் கேடு என்பதால் சொட்டுவதைப் பிடித்துவைக்க வேண்டும். எண்ணெய் தாங்காத ரப்பர் பாகங்கள் சில உப்பிப்போகும். பிரேக் டிஸ்க், பிரேக் பேட் ஆகியவற்றில் துளியும் படக்கூடாது. சூடாகும் புகைக்குழாயிலும் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இது ஆண்டுதோறும் செய்ய வேண்டிய வேலை. ஓர் ஆண்டு தவறினால் அந்தக் குளிர்காலம் உப்புக்கு இலவசம்.

ஆகவே என் முடிவு இது. உப்பைக் கண்ட வண்டிக்கு எண்ணெய்ப் பூச்சே சரி. அத்தகைய வண்டியில் கெட்டிப் பூச்சு அடிப்பது காசையும் சேசிஸையும் ஒருசேர இழக்கும் வழி. புது வண்டியாக இருந்தால், உப்பு தொடுவதற்கு முன்பே சக்கர வளைவுகளுக்கு மட்டும் கெட்டிப் பூச்சு அடிக்கலாம். சேசிஸின் உட்புறத்துக்கும் இணைப்புகளுக்கும் பிரேக் லைன்களுக்கும் அப்போதும் எண்ணெய்தான். செப்டம்பரிலோ அக்டோபரிலோ, வண்டி நன்றாகக் காய்ந்த ஒரு நாளில் இதைச் செய்துகொள்ள வேண்டும். குளிர் சற்றுத் தணியும் நாட்களில் அடிப்பாகத்தைக் கழுவ வேண்டும். இளவேனிலில் உப்பு முழுவதும் போகும்வரை ஒருமுறை அலசி, கையில் டார்ச்சும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு அடியில் படுத்துப் பார்க்க வேண்டும்.

ஒரே தடவை பூசினால் ஆயுளுக்கும் போதும் என்கிற வாக்குறுதி கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் உப்பு ஒவ்வொரு குளிர்காலமும் வருகிறது. காப்பும் ஒவ்வொரு இலையுதிர்காலமும் வந்தாக வேண்டும். அந்த ஒழுங்கை ஏற்றுக்கொள்பவர் எண்ணெயைத் தேர்ந்தெடுக்கட்டும். ஏற்க முடியாதவர், எந்தப் பூச்சை அடித்தாலும், ஆண்டுக்கு ஒருமுறையாவது வண்டியைத் தூக்கிவைத்துச் சேசிஸையும் பிரேக் லைனையும் மெக்கானிக்கிடம் காட்டிவிட வேண்டும். பிரேக்கை நம்பி அந்த வண்டியில் குடும்பம் முழுவதும் ஏறி உட்கார்கிறது.