மேல் நிலமும் கீழ் நிலமும்: மழைநீர் பற்றிய பழைய தீர்ப்புகள்

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைச் சூழ்ந்து பெய்யும் மழை மலையிலேயே தங்கிவிடுவதில்லை. சாமை விளையும் சரிவுகளில் இறங்கி, ஓடைகளாகத் திரண்டு, அதில் ஒரு பகுதி அம்மலையிலேயே பிறக்கும் செய்யாற்றைச் சேர்கிறது. செய்யாறு பாலாற்றோடு கலக்கிறது. பாலாறு வயலூர் அருகே வங்கக் கடலை அடைகிறது. ஃபிக்ஹு நூல்களின் வழக்கில் கூறினால், மலைவாசி மேல் நிலத்துக்காரர்; கடற்கரைவாசி கீழ் நிலத்துக்காரர். இவ்விருவருக்கும் இடையிலான உரிமை வழக்கு மிகப் பழையது. அதன் முதல் தீர்ப்புகள் மதீனாவில் வழங்கப்பட்டன.

மதீனாவின் ஓரத்தில் ‘ஹர்ரா’ எனப்படும் கருங்கற் பரப்பு உள்ளது. அங்கிருந்து மழைநீர் கால்வாய்களாகப் பேரீச்சந் தோட்டங்களுக்குப் பாயும். அந்நீர் குறித்து ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்களுக்கும் அன்ஸாரித் தோழர் ஒருவருக்கும் பிணக்கு ஏற்பட்டது. ஸுபைர் (ரலி) அவர்களின் தோட்டமே மேலே இருந்தது. முதலில் நீர் பாய்ச்சிக்கொண்டு, பிறகு அண்டை நிலத்துக்கு விட்டுவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். மேல் நிலத்துக்காரருக்குரிய முழு அளவையும் கேட்காமல் இருவருக்கும் இணக்கமாகச் சொல்லப்பட்ட வழி அது. அத்தை மகன் என்பதால் சலுகை காட்டப்பட்டது என்று மற்றவர் சொன்னபோதுதான் சட்டப்படியான அளவு அறிவிக்கப்பட்டது: வரப்பை எட்டும் வரை நீரைத் தேக்கிக்கொள்ளலாம். மக்கள் அதை மதிப்பிட்டபோது கணுக்கால் அளவாக இருந்தது என்ற விளக்கமும் ஸஹீஹுல் புகாரியில் உண்டு.

மஹ்ஸூர், முதைனிப் எனும் வெள்ள ஓடைகள் பற்றிய தீர்ப்பும் இதே அளவைத்தான் கூறுகிறது. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் அது பதிவாகியுள்ளது. இத்தீர்ப்புகளில் தேக்குவதும் விடுவதும் இணைந்தே வருகின்றன. நாமோ விடுவதை மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். வீட்டு மாடியில் விழுந்த நீர் தெருவுக்குப் போய்விட்டால் நம் பொறுப்பு தீர்ந்தது என்று எண்ணுகிறோம். கணுக்கால் அளவு தேக்கும் உரிமை ஒருபுறமிருக்க, ஒரு குடம் நீரும் நம் மனையில் தங்குவதில்லை.

தெருவில் விழும் மாடித் தண்ணீருக்கும் வரலாறு உண்டு. அப்பாஸ் (ரலி) அவர்களின் வீட்டுக் கூரைக் குழாய் உமர் (ரலி) அவர்கள் செல்லும் வழியில் இருந்தது. ஒரு ஜும்ஆ நாளில், அறுத்த கோழிக் குஞ்சுகளின் இரத்தம் கலந்த நீர் அதிலிருந்து கலீஃபாவின் ஆடையில் விழுந்தது. குழாயைப் பெயர்த்துவிட ஆணையிட்டு, ஆடை மாற்றி வந்து தொழுவித்தார்கள். அதை அங்கே வைத்தவர்கள் நபி (ஸல்) அவர்களே என்று அப்பாஸ் (ரலி) தெரிவித்தபோது, தம் முதுகின் மேல் ஏறி அதே இடத்தில் மீண்டும் பொருத்துமாறு உமர் (ரலி) வற்புறுத்தினார்கள். முஸ்னத் அஹ்மதில் இடம்பெறும் இந்நிகழ்ச்சியைக் கலீஃபாவின் பணிவுக்குச் சான்றாகவே நாம் சொற்பொழிவுகளில் கேட்டிருக்கிறோம். ஃபுகஹாக்கள் இதைக் கட்டடச் சட்டமாகவும் படித்தார்கள். பொதுத் தெருவில் கூரைக் குழாய் நீட்டலாமா என்பதில் அவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு; ஹன்பலி அறிஞர் இப்னு குதாமா (ரஹ்) அனுமதிக்கவில்லை. அனுமதித்தவர்களும் வழிப்போக்கருக்குத் தீங்கு நேரக்கூடாது என்று நிபந்தனை விதித்தார்கள்.

கடற்கரை நகரமான தூனிஸில், 1334ஆம் ஆண்டு வஃபாத்தான இப்னுர் ராமி என்பவர் கொத்தனாராக இருந்தவர்; காழிக்காகக் கட்டட வழக்குகளை நேரில் பார்த்து அறிக்கை தந்தவர். சுவர், வாசல், சாக்கடை, கூரைநீர் ஆகியவற்றில் அண்டைவீட்டாரிடையே எழும் வழக்குகளுக்கென அவர் தனி நூலே எழுதினார். கரண்டி பிடித்த கை எழுதிய சட்ட நூல் என்பதே அதன் சிறப்பு.

நம் மாநிலத்தில் 2003 ஜூலையில் வந்த அவசரச் சட்டம் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. உரிமையாளர் அமைக்காவிடில், உள்ளாட்சி நிர்வாகம் அறிவிப்புக் கொடுத்துவிட்டுத் தானே அமைத்து, செலவைச் சொத்து வரியைப் போல வசூலிக்கலாம். குடிநீர் இணைப்பைத் துண்டிக்கவும் விதி உண்டு. 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளும் இக்கடமையைத் தொடர்கின்றன. கெடுபிடியான சட்டம் என்று அன்று முணுமுணுத்தவர்கள் பலர். கடலோர ஊர்களைப் பொறுத்தவரை அது கெடுபிடி அன்று.

காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்ற கரையோர ஊர்களில் நிலத்தடி நன்னீர், அடியிலுள்ள கனமான உப்புநீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் மட்டம் கடல்மட்டத்தைவிட 1 மீட்டர் உயர்ந்திருந்தால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் நிற்கும் என்பது நிலநீரியலார் கணக்கு. மேலே ஒரு சாண் தாழ்ந்தால் கீழிருந்து உப்பு பல சாண் ஏறும். ஆகவே முற்றம் முழுவதும் சிமெண்ட் பூசி, ஆழ்குழாயில் நீரை இறைத்துக்கொண்டே மாடித் தண்ணீரைத் தெருவில் விடுபவர் இரு வகையில் தீங்கு செய்கிறார்: தாழ்ந்த வீட்டினரின் வாசலில் வெள்ளம், அடுத்த வீட்டுக் கிணற்றில் உப்பு. அம்மழைக் குழாயைக் கழிவுநீர்க் குழாயோடு இணைத்தால் சாக்கடை பொங்கித் தெருவையே நஜீஸாக்கும். பள்ளிக்கு நடந்து வருவோர் அதை மிதித்தே வரவேண்டும்.

2003இல் அவசரமாகத் தோண்டிய குழிகள் பல இன்று மண் மூடிக் கிடக்கின்றன. திறந்தே பாராத வீடுகள் நம் தெருக்களிலும் உண்டு. பள்ளிவாசல் மாடிகள் பெரும்பாலும் அத்தெருவிலேயே மிகப் பெரிய கூரைகள். அங்கிருந்து தொடங்குவது எளிது. மாடியைப் பெருக்கி, முதல் மழையைக் கழித்து, பிறகு வரும் நீரை மணலும் கூழாங்கல்லும் நிரப்பிய குழி வழியாகக் கிணற்றுக்கு விடலாம். வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்குகிறது. குழியிலுள்ள மணலை அள்ளிக் கழுவ வேண்டிய மாதம் செப்டம்பர்.